பழைய மோட்டார் சைக்கிளும் காரீயமில்லாப் பெட்ரோலும்



தாப்பாவிலிருந்து மலையேறி வரும் வளைவுச் சாலையில் நாம் முதலில் காணும் பட்டணம் ரிங்லெட். இங்கே வந்து இறங்கியதும் கண்ணில் படுவது தேயிலைச் சரிவு. காதில் விழுவது மோட்டார் சைக்கிள் சத்தம். பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டு விடுவதற்கும், மருந்தகத்துக்குத் தாயாரை அழைத்துப் போவதற்கும், சனிக்கிழமை சந்தையில் வாங்கிய காய்கறியை லயத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கும் நமக்கு உதவுவது அந்தக் கப்சாய் வண்டிதான். நம் பாட்டனார் காலத்தில் ஒரு வீட்டுக்குப் பசுமாடு எப்படியோ, அப்படித்தான் இன்று தோட்டத்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிள்.

பழைய வண்டி வைத்திருக்கும் பெரியவர்கள் பட்டறை வாசலில் அமர்ந்து பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். "அந்தக் காலத்து எண்ணெயே வேறு தம்பி! அதில் ஈயம் இருந்தது, வண்டிக்குப் பலம் இருந்தது. இப்போது ஊற்றுவது வெறும் தண்ணீர். வால்வு கெடாமல் என்ன செய்யும்?" என்று அவர்கள் அங்கலாய்ப்பார்கள். இளைஞரான மெக்கானிக்கும் மறுத்துச் சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டுவார்.

அந்தப் பெரியவரின் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை வேறு. பெட்ரோலில் அந்தப் பொருளை ஏன் சேர்த்தார்கள், பிறகு ஏன் நீக்கினார்கள், நீக்கியதால் நம் பழைய வண்டிக்கு என்ன ஆகும் என்னும் மூன்று கேள்விகளையும் இன்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். மலேசியத் தமிழர்களாகிய நாம் 'ஈயம்' என்று சொன்னால், பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் நினைவுக்கு வரும். அங்கே எடுத்தது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் இந்த வெள்ளீயத்தால்தான். பெட்ரோலில் கலந்ததோ காரீயம். வண்டி பேட்டரிக்குள் இருப்பதும், மீன்வலையின் அடியில் கட்டும் கனமான குண்டும் காரீயமே. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. முன்னது சமையலறைக்கு உதவியது. பின்னது உடம்பில் சேரக்கூடாத நஞ்சு. 'ஈயச் சொம்பில் ரசம் குடித்தவர்கள் நாம், ஈயம் நம்மை என்ன செய்யும்?' என்று எண்ணுவது பெயர் ஒற்றுமையால் வந்த மயக்கம்.

இனி, எஞ்சினுக்குள் நடப்பதைக் கவனிப்போம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே சென்று அழுத்துகிறது. சரியான நேரத்தில் பிளக் பொறி தட்டுகிறது. கலவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. தரம் குறைந்த பெட்ரோலாக இருந்தாலோ, அழுத்தம் அளவுக்கு மீறினாலோ, தீ சென்று சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி வெடித்துவிடும். அப்போதுதான் 'டக் டக்' என்று சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். பாரம் ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் மேடேறும்போது பலரும் இதைக் கேட்டிருப்போம். இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டன் பழுதாகும். தட்டலைத் தாங்கும் தன்மையைக் குறிக்கும் எண்ணே ஆக்டேன் எண். பெட்ரோல் நிலையத்தில் 95 என்றும் 97 என்றும் நாம் காண்பது இதைத்தான்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் செய்தவர்களுக்கு இந்தத் தட்டல் பெரிய தலைவலியாக இருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பல பொருள்களைச் சோதித்த பின்னர், 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்னும் காரீயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்து பார்த்தார். தட்டல் அடங்கியது. 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. சாராயம் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் காரீயக் கலவை மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்தது, மலிவாகவும் இருந்தது. விற்பனைக்கு வைத்த பெயரில் காரீயம் என்ற சொல்லே வரவில்லை. வெறுமனே 'எத்தில்' என்று அழைத்தார்கள்.

காரீயம் நஞ்சு என்பது அன்று யாருக்கும் தெரியாதா என்று நேயர்கள் கேட்கலாம். தெரியும். வண்ணம் பூசுவோரும் காரீயம் உருக்குவோரும் நோயுறுவதைப் பல நூற்றாண்டுகளாகவே மக்கள் கண்டிருந்தனர். மிட்ஜ்லியே காரீய நஞ்சால் உடல் கெட்டு, 1923-இல் சில காலம் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் முதலில் உயிரைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பேவே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், இந்தக் கூட்டுப்பொருளைத் தயாரிக்கும் பிரிவில் வேலை செய்தவர்களுக்குச் சித்தம் கலங்கியது. இல்லாத பூச்சிகளைக் கையால் தட்டினார்கள், அலறினார்கள். 5 பேர் மாண்டனர். 30-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் அளவுக்கு மீறி உழைத்ததால் இப்படி ஆயிற்று என்று ஆலைத் தரப்பில் முதலில் விளக்கம் சொன்னார்கள். உழைப்பவன் நோயுற்றால் குற்றம் உழைப்பின் மீதே விழும் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி செய்தியாளர்களை அழைத்து, அந்தத் திரவத்தைத் தம் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். 1925-இல் அமெரிக்க அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அம்மையார், காரீயத்தைத் தெருவில் பரப்புவது ஆபத்து என்று அங்கே எச்சரித்தார். சில காலம் நின்றிருந்த விற்பனை 1926-இல் மீண்டும் தொடங்கியது. ஆலைக்குள் பாதுகாப்பு கூடியது. ஆலைக்கு வெளியே புகை போகும் இடமெல்லாம் காரீயமும் போயிற்று. அங்கிருந்து அது உலகெங்கும் பரவி, நம் தாத்தா காலத்துத் துரைமார்களின் பி.எஸ்.ஏ., நார்ட்டன் வண்டிகளின் தொட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதன் அளவை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அரை கிராம் காரீயம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 லிட்டர் ஊற்றும் ஒரு வண்டிக்கு மாதம் 10 கிராம், ஆண்டுக்கு 120 கிராம். எரிந்தாலும் காரீயம் அழியாது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாக நுண்ணிய தூளாக வெளியேறிச் சாலையோர மண்ணிலும், வாசற்படியிலும், துணி காயும் கயிற்றிலும் படியும். வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்றால் உலகத்து வண்டிகளுக்கெல்லாம் எவ்வளவு!

இந்தத் தூள் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் வேறொரு கேள்விக்கு விடை தேடிய அறிஞர். கிளேர் பேட்டர்சன் என்பவர் கற்களில் உள்ள காரீயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட்டார். 455 கோடி ஆண்டுகள் என்னும் முடிவை 1956-இல் வெளியிட்டார். அளக்கும்போது ஒரு தொல்லை அவரை விடாமல் துரத்தியது. எங்கே தொட்டாலும் காரீயம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தின் காற்றிலும் இருந்தது. கடல்நீரையும் கிரீன்லாந்துப் பனிக்கட்டியையும் ஆராய்ந்த அவர், அது மனிதர்கள் பரப்பிய காரீயமே என்று எழுதினார். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் விழுந்த பால்பற்களை வாங்கி அவற்றில் இருந்த காரீயத்தை அளந்தார். பற்களில் காரீயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினர்; வகுப்பில் கவனம் செலுத்த முடியாமல் தவித்தனர். பார்ப்பதற்கு அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. நோயென்று தெரியாததுதான் இதில் கொடுமை. 'படிப்பு ஏறவில்லை' என்று ஊரார் சொல்லிவிட்டுப் போவார்கள், அவ்வளவே.

சிறு பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கேடு அதிகம்? தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக அதன் உடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பில் காரீயம் இன்னும் எளிதாக ஏறும். இரத்தசோகை இருக்கும் வீடுகளில் இதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. காரீயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நீக்கினால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் பெட்ரோலின் காரீயம் குறைந்துவந்த 1976-க்கும் 1980-க்கும் இடையில், மக்களின் இரத்தத்தில் இருந்த காரீயத்தின் சராசரி 37 விழுக்காடு குறைந்தது. அதன்பின் மறுத்துப் பேச இடமில்லாமல் போயிற்று.

ஆனால் இவ்வகையில் முந்திக்கொண்ட நாடு ஜப்பான். தோக்கியோவில் 1970-இல் எழுந்த அச்சத்தின் விளைவாக, 1975-இலேயே அங்குச் சாதாரணப் பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கியது. நம் நாட்டில், 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1985-இல் பெட்ரோலின் காரீய அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 1990-இல் அது லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1990-களில் காரீயமில்லாப் பெட்ரோல் பரவி, அந்தப் பத்தாண்டின் இறுதியோடு பழைய பெட்ரோல் மறைந்தது. பிரிட்டன் 2000 ஜனவரியிலும், இந்தியா அதே ஆண்டு பிப்ரவரியிலும், இலங்கை 2002-இலும் அதைக் கைவிட்டன. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. டேட்டன் நகரத்தில் தொடங்கிய விற்பனை உலகச் சாலைகளில் ஓய 98 ஆண்டுகள் ஆயின. சிறு விமானங்கள் சிலவற்றின் எரிபொருளில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.

இனி, நம் பெரியவரின் வண்டிக்கு வருவோம். அவர் சொன்னதில் உள்ள உண்மை இதுதான். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வால்வு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை, பழுக்கக் காய்ந்த நிலையில், தன் இருக்கையின் மேல் வந்து மோதுகிறது. பெட்ரோலில் இருந்த காரீயம் எரிந்து அந்த இருக்கையின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. அந்தப் பூச்சு போய்விட்டால், இருக்கை மெதுவான வார்ப்பிரும்பாக இருக்குமானால், நாளடைவில் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கே இந்தத் தேய்மானம் விரைவாக வரும்.

ஆனால் எல்லா வண்டிகளும் அப்படிப்பட்டவை அல்ல. வகை பிரித்துப் பார்ப்போம்.

பழைய யமாஹா, சுசுகி, வெஸ்பா போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் சிலிண்டர் தலையில் இப்படி மோதி மூடும் வால்வே கிடையாது. இல்லாத வால்வு கெடுவது எப்படி? அவற்றுக்குச் சரியான அளவு எஞ்சின் எண்ணெய் கலந்தால் போதும்.

அடுத்து ஹோண்டா கப்சாய் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். இவற்றின் சிலிண்டர் தலை அலுமினியம். அலுமினியம் வால்வின் அடியைத் தாங்காது என்பதால், கடினமான உலோக வளையத்தை இருக்கையாக முதலிலேயே பதித்துத்தான் அவற்றைச் செய்தார்கள். அதுமட்டுமன்று, இவை பிறந்த நாடு ஜப்பான். 1970-களின் நடுவிலிருந்தே காரீயமில்லாப் பெட்ரோலில் ஓடத் தக்கவாறு அவர்கள் வண்டி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே கப்சாய் வைத்திருப்போர் கவலையின்றி உறங்கலாம்.

மிஞ்சுவது பழைய ஆங்கிலேய வண்டிகள். அவற்றிலும் அலுமினியத் தலை கொண்டவற்றுக்கு இதே விதிதான். இருக்கையை நேராக வார்ப்பிரும்பிலேயே கடைந்து செய்த பழைய மாதிரிகளில்தான் கவனம் தேவை. உலகப் போர்க் காலத்து பி.எஸ்.ஏ. எம்-20 அத்தகையது. நம் மலையில் பெயர்பெற்ற பழைய லேண்ட் ரோவர்களில் பெட்ரோலில் ஓடுபவற்றையும் இந்தக் கண்கொண்டு பார்ப்பது நல்லது. ஆயினும் ஒன்றை மறக்க வேண்டாம். ராயல் என்ஃபீல்டு தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901-இலும், டிரையம்ஃப் 1902-இலும் செய்தன. காரீயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்ததோ 1923-இல். காரீயம் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே மோட்டார் சைக்கிள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வால்வு இருக்கை தேய்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. டேப்பட் இடைவெளியை மெக்கானிக் சரிசெய்யும்போது அளவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வால்வு உள்ளே இறங்க இறங்க அந்த இடைவெளி குறையும். டேப்பட் சத்தம் அடங்கிவிட்டதே என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்த அமைதிதான் முதல் அறிகுறி. பிறகு வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், கடைசல் பட்டறையில் கடினமான வளையம் ஒன்றைப் பதித்துக்கொள்ளலாம். ஒரு முறை செய்தால் போதும்.

தட்டல் பற்றியும் ஒரு சொல். நாம் வாழ்வது கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே. இங்கே காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது. தட்டல் கீழ்நாட்டைவிடக் குறையும். 2009 முதல் நம் நாட்டில் 92-க்குப் பதிலாக 95 ஆக்டேன் பெட்ரோல் விற்கப்படுகிறது. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு அதுவே தாராளம். தேவைக்கு மேற்பட்ட ஆக்டேனுக்குக் கொடுக்கும் பணம் வண்டிக்குப் பலமாகச் சேராது. மேட்டில் தட்டினால் கியரைக் குறையுங்கள், உள்ளே படிந்த கரியை எடுக்கச் சொல்லுங்கள், பிளக் பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர்க் குழாய்கள் இக்காலப் பெட்ரோலில் இளகி வெடிக்கக்கூடும். அவற்றை மாற்றிவிடுங்கள். இது தீப்பிடிக்காமல் காக்கும் செலவு.

காரீயம் போனதால் வண்டிக்கே நன்மையும் உண்டு. காரீயம் எஞ்சினுக்குள் அடையாக ஒட்டாமலிருக்கப் பழைய பெட்ரோலில் வேறு இரசாயனங்களையும் கலந்தார்கள். அவை எரிந்து அமிலமாகிப் புகைக்குழாயை அரித்தன. இன்று பிளக்கும் புகைக்குழாயும் அதிக நாள் உழைக்கின்றன. எஞ்சின் எண்ணெயும் தூய்மையாக இருக்கிறது.

பெட்ரோலிலிருந்து காரீயம் போய்விட்டாலும் நம் வீட்டுப் பக்கத்திலிருந்து அது முழுதாகப் போகவில்லை. பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது, அதைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போட்டுவைப்பது ஆகியவை இன்றைய ஆபத்து. பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பெருஞ்சாலையோர மண்ணில் பழைய காரீயம் இன்னும் தங்கியிருக்கலாம். அங்கே விளையாடிவிட்டு வரும் பிள்ளை சாப்பிடும் முன் கைகழுவட்டும். காரீயம் இல்லை என்பதற்காக இன்றைய பெட்ரோலில் கைகழுவுவதோ, வாயால் உறிஞ்சிக் குழாய் வழியே இறக்குவதோ கூடாது. அதுவும் நஞ்சுதான்.

பட்டறை வாசலில் இருந்த பெரியவரிடம் நாம் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, நீங்கள் சொல்வது போல அந்த எண்ணெய் சில வண்டிகளின் வால்வைக் காத்தது உண்மைதான். தேய்ந்த வளையத்தை மாற்றித்தரப் பட்டறை இருக்கிறது. உங்கள் வண்டியின் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிற பேத்தியின் மூளைக்கு அப்படி ஒரு பட்டறை எங்கும் இல்லை." அவர் வண்டியின் மேல் வைத்திருக்கும் அன்பு பெரிதுதான். பேத்தியின் மேல் வைத்திருப்பது அதைவிடப் பெரிது என்பதால், நாம் சொல்வதை அவர் ஒப்புக்கொள்வார்.